எடையைக் கேட்கும் முன் மாதவிடாயைக் கேளுங்கள்

திருமணமாகி ஓர் ஆண்டு கழிந்துவிட்டால் நம் ஊரில் ஒரு பெண்ணைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "விசேஷம் ஏதும் உண்டா?" இல்லை என்றதும் கேட்டவரின் பார்வை அவள் உடம்பின் மேல் போகிறது. சற்றுப் பருமனாக இருந்தால், "உடம்பைக் கொஞ்சம் குறைச்சா தானா நிக்கும்" என்பார்கள். மெலிந்திருந்தால், "உடம்புல தெம்பே இல்லையே, எப்படித் தங்கும்?" என்பார்கள். மருத்துவரிடம் போனாலும் பல இடங்களில் முதலில் ஏறி நிற்கச் சொல்வது எடை மெஷினில்தான். இந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. உடல் எடைக்கும் கருத்தரிப்புக்கும் உறவு உண்டு. ஆனால் அந்த உறவின் நடுவே ஒரு படி இருக்கிறது: மாதாமாதம் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவருகிறதா என்பது. அந்தப் படியைப் பார்க்காமல் தாண்டிவிட்டு எடையையே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதனால் எடை குறைத்தால் பலன் பெறக்கூடியவர்களுக்கு எவ்வளவு குறைத்தால் போதும் என்று யாரும் சொல்வதில்லை. காத்திருக்கவே கூடாதவர்களோ காத்திருந்து காலத்தை இழக்கிறார்கள்.

உடம்பு ஏன் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு கர்ப்பத்தைச் சுமந்து முடிக்க ஒரு பெண்ணின் உடல் கூடுதலாகச் செலவிடுவது ஏறத்தாழ 75,000 முதல் 80,000 கலோரி. பால் கொடுக்கும் மாதங்களின் செலவு தனி. இவ்வளவு பெரிய செலவில் இறங்கும் முன் கையிருப்பைப் பார்த்தாக வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்கும் இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை அங்கிருந்து ஒரு ஹார்மோன் சொட்டுச் சொட்டாகத் தாளம் பிசகாமல் கசிகிறது. அந்தத் தாளத்தை வாங்கிக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பி தன் ஹார்மோன்களை அனுப்ப, சினைப்பை ஒரு முட்டையை வளர்த்து வெளியே விடுகிறது. தாளம் தப்பினால் முட்டை முதிராது. முட்டை வெளிவராத மாதத்தில் கருத்தரிக்க வழியே இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதை ஒரு பஞ்சம் காட்டியது. இரண்டாம் உலகப் போரில், 1944இன் இறுதியில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போவதை ஜெர்மானியப் படை தடுத்தது. ஆளொன்றுக்குக் கிடைத்த ரேஷன் நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. பஞ்சம் கடுமையாக இருந்த மாதங்களிலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பார்த்தால், அந்த நகரங்களின் பிறப்புப் பதிவேட்டில் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகச் சரிந்திருந்தது. 1945 மே மாதம் விடுதலையும் உணவும் வந்து சேர, பிறப்புகளும் மறுபடி ஏறின. அந்தப் பெண்களின் கருப்பைக்கோ சினைப்பைக்கோ ஒரு நோயும் வந்திருக்கவில்லை. மூளை கையிருப்பைப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருந்தது. வரவு வந்ததும் திறந்துவிட்டது.

அப்படியானால் மூளை பார்ப்பது எதை? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோஸ் ஃபிரிஷ், 1974இல் ஜேனட் மெக்ஆர்தருடன் எழுதிய கட்டுரையில், பூப்பெய்த உடம்பில் சுமார் 17 சதவீதமும், மாதவிடாய் ஒழுங்காகத் தொடர சுமார் 22 சதவீதமும் கொழுப்பு வேண்டும் என்று ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோடு அவ்வளவு துல்லியமானதில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஆனால் கொழுப்புக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்ற அவரது அடிப்படை எண்ணம் நிலைத்தது. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு, அந்தச் செய்தியைச் சுமந்து போகும் ஹார்மோனுக்குரிய மரபணுவைக் கண்டது. அந்த ஹார்மோன்தான் லெப்டின். கொழுப்புத் திசுவே அதைச் சுரக்கிறது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத எலிகள் உருண்டு திரண்டு கொழுத்திருக்கும். ஆனால் குட்டி போடாது. உடம்பு நிறையக் கொழுப்பு இருந்தும், இருக்கிறது என்று மூளைக்குச் சொல்ல ஆளில்லாததால், மூளை அந்த எலியைப் பட்டினி கிடக்கும் எலி என்றே எடுத்துக்கொள்கிறது. லெப்டினை ஊசி மூலம் கொடுத்தபோது அந்தப் பெண் எலிகள் சினை பிடித்தன. கருத்தரிப்பைத் தீர்மானிப்பது கிலோவின் எண்ணிக்கையைவிட, அந்தக் கிலோ மூளைக்கு அனுப்பும் செய்திதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மனிதர்களிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆன் லௌக்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் ஒழுங்காக இருந்த இளம் பெண்களுக்கு ஐந்தே நாள் உணவையும் உடற்பயிற்சியையும் அளந்து கொடுத்தார். உடற்பயிற்சிக்குப் போக உடம்புக்கு மிஞ்சும் சக்தி, கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்கும் கீழே போனபோது, பிட்யூட்டரியின் தாளம் குலையத் தொடங்கியது. 40 கிலோ கொழுப்பில்லா எடை உள்ள பெண்ணுக்கு இந்த எல்லை நாளைக்கு 1,200 கலோரி. ஐந்து நாளில் யார் உடம்பும் துரும்பாய் இளைத்துவிடாது. எடை மெஷினுக்குத் தெரியும் முன்பே மூளைக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டப் பந்தய வீராங்கனைகளுக்கு மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் போவதும், கல்யாணத்துக்கு முன் அவசர அவசரமாகப் பட்டினி கிடந்து இளைக்கும் பெண்களுக்கு நாள் தள்ளிப்போவதும் இதனால்தான். மெலிந்தவளைப் பார்த்து, அவளுக்கென்ன, சிக்கென்று இருக்கிறாள் என்று நாம் விட்டுவிடுகிறோம். அவளுக்கும் முட்டை வெளிவராமல் இருக்கலாம்.

மறு பக்கத்துக்கு வருவோம். எடை கூடும்போது, குறிப்பாக வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது, தசைகளும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. தசை கேட்காத அந்தக் குரலைச் சினைப்பை மட்டும் நன்றாகவே கேட்கிறது. கேட்டு, ஆண்களுக்குரிய ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த ஹார்மோன்களைக் கட்டி வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிப்பதால் அவை இரத்தத்தில் அவிழ்ந்து திரிகின்றன. இன்னொரு பக்கம் கொழுப்புத் திசு தானே ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்து, மூளை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தைக் குழப்புகிறது. வளரத் தொடங்கிய முட்டைப்பைகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் முத்துக் கோத்ததுபோல் தெரியும் இவற்றைத்தான் நாம் 'நீர்க்கட்டி' என்கிறோம். பெயரைக் கேட்டதும் ஆபரேஷன் செய்து அகற்ற வேண்டிய கட்டி என்று பயந்துபோகிறவர்கள் ஏராளம். உண்மையில் அவை முதிர முடியாமல் காத்து நிற்கும் முட்டைப்பைகள்.

பி.சி.ஓ.எஸ். அல்லது பி.சி.ஓ.டி. என்று சொல்லப்படும் இந்த நிலை, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இருப்பதாகவும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்கான அடையாளங்கள் வீட்டிலேயே கண்ணில் படக்கூடியவை. மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வருவது. வருஷத்துக்கு எட்டுத் தடவைகூட வராமல் போவது. மோவாயில் முரட்டு முடி. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருப்பது இன்னொன்று. அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாராலும் கடலை மாவாலும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. தங்கச் சங்கிலி பட்டுக் கறுத்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு. எத்தனை தேய்த்தாலும் அது போகாது. இரத்தத்தில் இன்சுலின் கூடி ஓடுகிறது என்று தோல் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது.

இப்படி முட்டை வெளிவராமல் நின்றுபோன பெண்களுக்குத்தான் எடைக் குறைப்பு மருந்துபோல வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனாக இருந்து முட்டை வெளிவராத 67 பெண்கள் ஆறு மாதம் குழுவாகக் கூடி உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொண்டார்கள். சராசரியாகக் குறைந்தது சுமார் 10 கிலோ. அவர்களில் 60 பேருக்குத் தானாகவே முட்டை வெளிவரத் தொடங்கியது. 52 பேர் கருவுற்றார்கள், அதில் 18 பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல். 45 பேர் குழந்தை பெற்றார்கள். கடைசிவரை நிலைத்து நின்றவர்களின் கணக்கு இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதியில் விலகியவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் இதற்கு முன்னும் பின்னும் வந்த ஆய்வுகள் ஒன்றில் ஒத்துப்போகின்றன: உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. 70 கிலோ உள்ள பெண்ணுக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. அவள் 55 கிலோவுக்கு இறங்கியாக வேண்டும் என்று யாராவது சொன்னால், அடைய முடியாத ஊருக்கு வழி காட்டுகிறார்கள் என்று பொருள்.

எடையை எந்தக் கோலால் அளப்பது என்பதிலும் நமக்குத் தனிக் கவனம் தேவை. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 60 கிலோ இருந்தால் அவள் பி.எம்.ஐ. 25. உலகக் கணக்கில் அங்கேதான் அதிக எடை தொடங்குகிறது. இந்திய மருத்துவர்களின் கணக்கிலோ 23இலேயே அதிக எடையும் 25இல் உடற்பருமனும் தொடங்குகின்றன. காரணத்தைப் புரிந்துகொள்ள 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் போதும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு நம்மில் பலருக்கு உண்டு. அதனால் பெண்கள் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்து, 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இது ஏதோ சிலரின் பிரச்சினையும் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பி.எம்.ஐ. 25ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தது. நான்கைந்து ஆண்டுக்கு முன் அது 30.9 சதவீதம். அதே கணக்கெடுப்பில் 12.6 சதவீதம் பெண்கள் 18.5க்கும் கீழே, மெலிவில் இருந்தார்கள். இரண்டு ஓரங்களும் ஒரே மாநிலத்தில், பல வேளை ஒரே தெருவில் இருக்கின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எங்கள் வீட்டில் பெரியம்மாவும் சித்தியும் நல்ல கனத்த உடம்பு. ஆளுக்கு நாலு பிள்ளை பெறவில்லையா? பெற்றார்கள். மாதாமாதம் தவறாமல் முட்டை வெளிவரும் பருமனான பெண்களில் பெரும்பாலோர் இன்றும் பெறுகிறார்கள். அவர்களுக்கு எடையால் வரும் பாதிப்பு உண்டு, ஆனால் சிறியது. முட்டை ஒழுங்காக வெளிவந்தும் கருத்தரிக்கத் தாமதமான 3,000க்கும் மேற்பட்ட பெண்களை நெதர்லாந்தில் தொடர்ந்து கவனித்து முடிவை 2008இல் வெளியிட்டார்கள். பி.எம்.ஐ. 29ஐத் தாண்டிய பின் ஒவ்வோர் எண் ஏறும்போதும், இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் குறைந்தது. வாய்ப்பு குறைவது வேறு, வாய்ப்பே இல்லாமல் போவது வேறு. "நீ குண்டாக இருப்பதால்தான்" என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. எடை இடைஞ்சல் என்று தெரிந்த பிறகு, முதலில் எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் சிகிச்சைக்கு வா என்று அனுப்புவதுதானே முறை? கேட்கச் சரியாகப் படும். ஆனால் சோதித்துப் பார்த்தபோது வந்த விடை வேறு. நெதர்லாந்தில் பி.எம்.ஐ. 29ம் அதற்கு மேலும் இருந்த, குழந்தைக்காகக் காத்திருந்த 577 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டம், அதன் பிறகு சிகிச்சை; மற்ற பிரிவுக்கு உடனே சிகிச்சை. 2016இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுக்குள் நிறைமாதத்தில், சுகப்பிரசவத்தில், ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை பெற்ற பிரிவில் 35.2 சதவீதம். காத்திருந்தவர்களுக்குத்தான் குறைவு. சுவீடனும் அதன் அண்டை நாடுகளும் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு முன் பெண்கள் சராசரியாக 9 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். அப்படியும் குழந்தை பெற்றவர்களின் விகிதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை: 29.6 சதவீதமும் 27.5 சதவீதமும். காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 379 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளியான ஆய்விலும் எடைக் குறைப்பு குழந்தை பிறப்பைக் கூட்டவில்லை.

இந்த முடிவுகளும் அடிலெய்டு முடிவும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும். முட்டை வெளிவருகிறதா என்ற படியை நடுவில் வைத்துப் பாருங்கள், முரண்பாடு பெருமளவு கரைந்துவிடும். அடிலெய்டில் இருந்தவர்கள் முட்டை வெளிவராத பெண்கள். எடை குறைந்ததும் அந்தத் தடை நீங்கியது. சோதனைக்குழாய்ச் சிகிச்சையிலோ ஊசி போட்டு முட்டையை வளர்த்து மருத்துவரே வெளியே எடுக்கிறார். எடை குறைந்து நீங்கவேண்டிய தடை அங்கே ஏற்கெனவே தாண்டப்பட்டுவிட்டது. நெதர்லாந்து, சுவீடன் ஆய்வுகளிலேயே எடையைக் குறைத்த பிரிவில், சிகிச்சைக்கு முன் இயற்கையாகக் கருவுற்றவர்கள் கூடுதல் என்பதும் இதோடு பொருந்துகிறது. அதோடு காலம் என்று ஒன்று இருக்கிறது. 35 வயதைத் தாண்டிய பிறகு முட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்குகின்றன; குறைத்த எடையை அதற்கு ஈடாக வைக்க முடியாது. 28 வயதில், மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் பெண்ணிடம் ஆறு மாதம் முயன்று பார் என்று சொல்வது நல்ல யோசனை. 37 வயதில், மாதவிடாய் கடிகாரம்போல் வரும் பெண்ணிடம் அதையே சொல்வது, அவள் கையில் மிச்சமிருக்கும் மாதங்களைப் பிடுங்குவது.

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்று சிலர் மறு எல்லைக்குப் போகலாம். அதுவும் பெண்ணுக்குச் செய்யும் நன்மை ஆகாது. கருத்தரித்த பிறகு எடையின் கணக்கு தனியாகத் தொடங்குகிறது: கருச்சிதைவு, கர்ப்பகால சர்க்கரை, இரத்த அழுத்தம், சிசேரியன் ஆகிய எல்லாவற்றின் வாய்ப்பும் பருமனோடு கூடுகிறது. மெலிந்த தாய்க்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வரும் அபாயம் உண்டு. ஆகவே எடையைப் பற்றிப் பேச வேண்டும். சிகிச்சைக்கு முன் தாண்ட வேண்டிய வாசற்படியாக அதை வைக்காமல், சிகிச்சையோடு சேர்ந்து நடக்கும் துணையாக வைத்துப் பேச வேண்டும். மருந்து, அறுவை சிகிச்சை வழியாகக் குறைக்க நினைப்பவர்கள் நாளையும் கணக்கிட வேண்டும். பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு ஊசியைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

வீட்டுச் சமையலறையில் குறைக்க நினைப்பவர்கள் லௌக்ஸின் 1,200 கலோரிக் கணக்கை மறக்காமல் இருந்தால் போதும். காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், மதியம் ஒரு கிண்ணம் கொள்ளு ரசம் என்று பட்டினி கிடந்தால், அதிக எடையால் குழம்பிய தாளம் பட்டினியாலும் குலையும். மதியத் தட்டைப் பாருங்கள்: முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். அந்த அளவை மாற்றி, பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, கால் தட்டு சோறு என்று வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சாயங்கால டீயோடு வரும் மிக்சரும் முறுக்கும், பிள்ளைகளும் பெரியவர்களும் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதே என்று கடைசியில் அவளே சாப்பிடுவதும் எந்த டயட் சார்ட்டிலும் ஏறாத கலோரிகள். ஒரு பெண் தனியாக மாற்றிக்கொள்ளக்கூடியவை அல்ல இவை. வீடே தட்டை மாற்றிக்கொண்டால்தான் அவள் தட்டும் மாறும். வேலைக்கும் சமையலுக்கும் நடுவே அரை மணி நேரம் நடந்துவிட்டு வர வீட்டில் யாராவது அடுப்பைப் பார்த்துக்கொண்டால்தான் அவள் நடப்பாள்.

அந்த யாராவது கணவனாக இருப்பது இன்னும் நல்லது; அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது. குழந்தையின்மைக்காக வரும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. தொந்திக் கொழுப்பு ஆணின் டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, விந்தணுக்களும் பாதிக்கப்படுகின்றன. விந்துப் பரிசோதனை, இந்த விஷயத்தில் செய்யப்படும் பரிசோதனைகளிலேயே எளிதானவற்றில் ஒன்று. ஊசி இல்லை, வலி இல்லை. அதை ஒரு தடவைகூடச் செய்யாமல், மனைவியை ஒரு வருஷம் எடை குறைக்கச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

ஆகவே கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்வோம். மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பது முதல் கேள்வி. தேதி குறித்து வைக்கத் தினசரி காலண்டரும் ஒரு பேனாவும் போதும். 21 முதல் 35 நாளுக்குள் தவறாமல் வந்தால் பெரும்பாலும் முட்டையும் வெளிவருகிறது என்று பொருள். அப்போது கருக்குழாய் அடைப்பு, கணவனின் விந்தணு, தைராய்டு, வயது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எடை அதன் பக்கத்திலே மெதுவாகக் குறையட்டும். 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓர் ஆண்டு முயன்ற பிறகும், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தேதிகள் தாறுமாறாக இருந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. முட்டையை வெளிக்கொண்டுவர லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றோடு மூன்றரைக் கிலோ குறைந்தாலும் அது பெரிய உதவி. எடை மெஷினில் ஏறி நிற்கும் பெண்ணுக்கு அது காட்டும் எண் ஒன்றுதான் கிடைக்கிறது. காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவர் முன் உட்காரும் பெண்ணிடம், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதும் இருக்கிறது.